மண் இல்லாதவர்களின் கீரை

ஹைட்ரோபோனிக்ஸ் பற்றி எதைத் திறந்தாலும் முதல் வரியில் பாபிலோன் வந்து நிற்கும். தொங்கும் தோட்டம். இரண்டாவது வரியில் ஆஸ்டெக் மக்களின் மிதக்கும் தோட்டம். மூன்றாவது வரிக்குள் பிவிசி குழாய், பம்ப், எல்இடி விளக்கு என்று விலைப்பட்டியல் ஆரம்பித்துவிடும். மூவாயிரம் வருடக் கதையைச் சொல்லிவிட்டால் முந்நூறு வெள்ளி பெரிதாகத் தெரியாது என்ற கணக்கோ என்னவோ.

பாபிலோன் தோட்டம் இருந்ததற்கு உறுதியான தொல்லியல் சான்று எதுவும் இன்றுவரை கிடைக்கவில்லை. அதைப் பற்றி எழுதிய பழைய கிரேக்கர்களும் பெரிய மரங்கள் வேர்விடும் அளவுக்கு அங்கே மண் கொட்டியிருந்ததாகத்தான் எழுதினார்கள். மெக்சிகோவின் சினாம்பாக்கள் மிதக்கவே இல்லை. ஆழமில்லாத ஏரியில் சேற்றை அள்ளி அடுக்கி, ஓரங்களில் மரம் நட்டு இறுக்கிய திட்டுகள் அவை. இரண்டுமே மண். அதுவும் நல்ல மண். மண்ணில்லா வேளாண்மையின் வரலாற்றை இரண்டு மண் தோட்டங்களிலிருந்து தொடங்குகிறார்கள். நல்லவேளை, நம் வாட்ஸ்அப் ஆட்கள் முளைப்பாரியை இன்னும் இந்த வரிசையில் சேர்க்கவில்லை.

நான் ஒரு தொழிற்சாலையில் குளிரூட்டும் நீரைப் பார்த்துக்கொள்ளும் பொறியாளன். நீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது, அமிலம் கூடுகிறதா குறைகிறதா என்று தினமும் அளப்பதுதான் வேலை. அந்தப் பழக்கத்தில் வீட்டில் கீரை போட ஆரம்பித்தேன். இப்போது யாராவது வாரம் ஒருமுறை கேட்டுவிடுகிறார்கள்: "எப்படி ப்ரோ ஸ்டார்ட் பண்றது?" செய்முறையைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். ஆனால் அந்த ஐந்து நிமிடச் செய்முறை எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனதில் எனக்குப் பல இரவுகள் போய்விட்டன. பாபிலோனைவிட அந்தக் கதை சுவையானது. அதில் ஒரு சண்டை இருக்கிறது, சில போர்கள் இருக்கின்றன, பஞ்சமும் இருக்கிறது.

பாசாரில் வாங்கிய புதினாவில் இலையைக் கிள்ளிவிட்டுத் தண்டை ஒரு கிளாஸ் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைக்காத தமிழ் வீடு உண்டா? நாலைந்து நாளில் வெள்ளையாக வேர்விடும். இதையேதான் ஜான் வுட்வர்ட் என்ற ஆங்கிலேயர் லண்டனில் செய்தார். அவரும் புதினா வகை ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார். மழைநீர், ஊற்றுநீர், தேம்ஸ் ஆற்று நீர், தோட்ட மண்ணைக் கரைத்த நீர் என்று வெவ்வேறு கண்ணாடிக் குடுவைகளில் செடியை வைத்து, முன்னும் பின்னும் எடை போட்டார். 1699இல் முடிவை வெளியிட்டார். நீர் எவ்வளவு கலங்கலோ செடி அவ்வளவு கொழுத்தது. மண் கரைத்த நீரில் இருந்தது முதலிடம்.

இந்தச் சோதனை முக்கியமானதற்குக் காரணம், அதற்கு முன் இருந்த நம்பிக்கை. பெல்ஜியத்தின் வான் ஹெல்மான்ட் 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு வில்லோ கன்றை நட்டு, 5 வருடம் வெறும் நீர் மட்டும் ஊற்றினார். மரம் 169 பவுண்டு ஆனது. மண்ணில் குறைந்ததோ 2 அவுன்ஸ்தான். அப்படியென்றால் மரம் முழுக்க நீரிலிருந்து வந்தது என்று முடிவுகட்டினார். அவர் இறந்த பிறகு 1648இல் அது புத்தகமாக வந்தது. காற்றிலிருந்து மரம் கரியை எடுக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. அதைவிட எனக்குப் பிடித்தது அந்த 2 அவுன்ஸ். அளவுப் பிழை என்று அவர் ஒதுக்கிய அந்தச் சிட்டிகைதான் இந்தக் கட்டுரையின் மீதிக் கதை முழுவதும்.

அந்தச் சிட்டிகையில் என்ன இருக்கிறது என்று பிரித்துப் பார்த்தவர்கள் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர்கள். 1860ஐ ஒட்டிய வருடங்களில் யூலியஸ் சாக்ஸும் வில்ஹெல்ம் நோப்பும் தனித்தனியாக, சுத்தமான நீரில் சில உப்புகளை மட்டும் கரைத்துச் செடியை விதை விடும்வரை வளர்த்துக் காட்டினார்கள். நைட்ரேட், பாஸ்பேட், சல்பேட், பொட்டாசியம், கால்சியம், மக்னீசியம், துளி இரும்பு. மண் என்பது செடிக்குப் பிடிமானம், நீர்த்தொட்டி, உப்புக்கடை. மூன்றையும் வேறு வழியில் கொடுத்தால் மண் தேவையில்லை. ஆனால் அவர்களுக்கு அது ஆய்வுக்கூடக் கருவி மட்டும்தான். அடுத்த 70 வருடம் ஒருவரும் அதில் சமைப்பதற்குக் காய் பறிக்கவில்லை.

பறித்தவர் வில்லியம் கெரிக்கி. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் தாவரவியலாளர். இதை வயலாக்கலாம் என்று 1929இல் எழுதினார். வீட்டுக் கொல்லையில் தொட்டி கட்டி, மேலே கம்பிவலை போட்டு, 25 அடி உயரத்துக்குத் தக்காளிக் கொடி ஏற்றினார். ஏணியில் நின்று தக்காளி பறிக்கும் படம் செய்தித்தாளில் வந்தால் எப்படி இருக்கும்? அமெரிக்கா அப்போது பெருமந்தத்திலும் புழுதிப் புயலிலும் சிக்கியிருந்தது. மண் காற்றில் பறந்துபோய்க்கொண்டிருந்த நாட்டில் ஒருவர் மண்ணே வேண்டாம் என்றார். கொண்டாடித் தீர்த்துவிட்டார்கள்.

முதலில் அவர் வைத்த பெயர் 'அக்வாகல்ச்சர்'. அது ஏற்கெனவே மீன் வளர்ப்புக்காரர்களின் சொல். அதே பல்கலைக்கழகத்தின் பாசி ஆய்வாளர் செட்செல் வேறு சொல் எடுத்துக்கொடுக்க, 1937இல் 'ஹைட்ரோபோனிக்ஸ்' அச்சேறியது. ஹைட்ரோ என்றால் நீர், போனோஸ் என்றால் கிரேக்கத்தில் உழைப்பு. நீருழைப்பு. நிலத்தில் உழைப்பதற்கு எதிர்ச்சொல்லாக அதை வைத்தார்கள். உழைப்பு என்ற பொருளை இப்போது விளம்பரங்கள் வசதியாக மறந்துவிட்டன. "சோம்பேறிகளின் தோட்டம்" என்று ஒரு கடை எழுதியிருந்ததைப் பார்த்தேன்.

இனி சண்டை. ஊரெல்லாம் கடிதம் போட்டுச் செய்முறை கேட்கிறது. பல்கலைக்கழகமும் கேட்கிறது. உப்புகளின் விகிதத்தைத் தர கெரிக்கி மறுத்துவிட்டார். அலுவல் நேரத்தில் செய்ததில்லை, என் வீட்டில், என் ஓய்வு நேரத்தில் செய்தது என்றார். பல்கலைக்கழகம் தன் கண்ணாடிக்குடிலில் இடம் தராததால்தான் கொல்லைக்குப் போக வேண்டியிருந்தது என்பது அவர் தரப்பு. நிறுவனத்தில் சம்பளம் வாங்கும் எவருக்கும் இந்த வாதம் அந்நியமாக இருக்காது. நான் வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே, பணிக்காலத்தில் நான் கண்டுபிடிப்பது நிறுவனத்துக்குச் சொந்தம் என்று ஒரு பத்தி இருக்கிறது. என் கொல்லையில் நான் கண்டுபிடித்தால்? அந்தப் பத்தி அதற்குத் தெளிவாகப் பதில் சொல்வதில்லை. அதனால் கெரிக்கி மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு. ஆனால் அவரை நம்பிக் காத்திருந்தால் நம் வீட்டுக்கு ஒரு கீரையும் வந்திருக்காது.

பல்கலைக்கழகம் வேறு இருவரை அமர்த்தியது: டெனிஸ் ஹோக்லண்ட், டேனியல் ஆர்னன். ஒருவர் தாவர ஊட்டத்தில் பெரிய பெயர், மற்றவர் இளைஞர். கெரிக்கி சொல்வது உண்மையா என்று பார்த்துச் சொல்லுங்கள் என்று வேலை. 1938இல் 'சுற்றறிக்கை 347' என்ற சிறு வெளியீடு வந்தது. மண்ணில்லாமல் நீரில் செடி வளர்க்கும் முறை என்று தலைப்பு. வேளாண் ஆய்வு நிலையங்கள் விவசாயிகளுக்காக வெளியிடும் வரிசையில் அதுவும் ஒன்று.

இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, குளிர்ந்த நீர் ஊற்றுவது. நல்ல மண்ணையும் நல்ல நீர்க்கரைசலையும் ஒரே வெயிலில், ஒரே இடைவெளியில் வைத்தால் விளைச்சலில் பெரிய வித்தியாசம் இல்லை என்று அவர்கள் எழுதினார்கள். மாயம் எதுவும் கிடையாது. செடி குடிப்பது அதே உப்பு. வெயில் குறைந்தால் இதிலும் சவலையாகும், பூச்சி இதற்கும் வரும். பத்து மடங்கு விளைச்சல் என்று சொல்பவர்களுக்கு ஏறத்தாழ 90 வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாயிற்று. இன்றும் அதே பத்து மடங்கு விளம்பரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இன்னொன்று, கெரிக்கி பூட்டிவைத்த கணக்கை அந்த இருவரும் வேறு வழியில் தாமே கண்டடைந்து, கிராம் கிராமாக அச்சில் போட்டுவிட்டார்கள். ஹோக்லண்ட் கரைசல் என்று இன்றும் உலகமெங்கும் தாவரவியல் மாணவர்கள் கலக்குவது அதுதான். இன்றைய கணக்கில் அதன் ஒரு வடிவம்: ஒரு லிட்டர் நீருக்குக் கால்சியம் நைட்ரேட் 1.18 கிராம், பொட்டாசியம் நைட்ரேட் 0.51 கிராம், மக்னீசியம் சல்பேட் 0.49 கிராம், பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் 0.14 கிராம். கூடவே இரும்பு, போரான், மாங்கனீசு, துத்தநாகம், செம்பு, மாலிப்டினம் ஆகியவை மிகச் சிறிய அளவில். அவ்வளவுதான். கூட்டிப் பார்த்தால் லிட்டருக்கு இரண்டரை கிராம்கூட வராது. வான் ஹெல்மான்டின் 2 அவுன்ஸ் இங்கே வந்து சேர்கிறது.

இப்போது கடையில் விற்கும் ஏபி உரம் ஏன் இரண்டு புட்டியாக வருகிறது என்று பலர் கேட்பார்கள். ஒரே புட்டியில் போட்டால் வேலை சுலபம்தானே? போட முடியாது. கெட்டியான கரைசலில் கால்சியம், சல்பேட்டைச் சந்தித்தால் ஜிப்சமாகும், பாஸ்பேட்டைச் சந்தித்தால் அதுவும் வெள்ளையாக அடியில் படியும். படிந்ததைச் செடி குடிக்காது. தொழிற்சாலைக் குழாய்களில் நான் சுரண்டியெடுக்கும் அதே படிவம். அதனால் கால்சியம் ஏ புட்டியில், சல்பேட்டும் பாஸ்பேட்டும் பி புட்டியில். தண்ணீரில் ஏ ஊற்றி நன்றாகக் கலக்கிய பிறகுதான் பி. இந்த ஒரு விதியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கெரிக்கி பல்கலைக்கழகத்திலிருந்து விலகினார். 1940இல் தன் முறையைப் புத்தகமாகப் போட்டார். அதற்குள் கணக்கு ஊருக்குப் பொதுவாகிவிட்டிருந்தது.

பிறகு போர். ஹைட்ரோபோனிக்ஸ் முதலில் யாருக்குச் சோறு போட்டது என்று பார்த்தால் ஒரு வரைபடம் கிடைக்கிறது. 1930களின் இறுதியில் பசிபிக் நடுவே வேக் தீவு. பவளப்பாறைத் திட்டு, மண் கிடையாது. பான் அமெரிக்கன் விமானங்கள் எரிபொருள் நிரப்ப இறங்கும் இடம். பயணிகளுக்கு அங்கே தொட்டியில் காய்கறி வளர்த்தார்கள். 1945இல் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவு, எரிமலைப் பாறை. பிறகு இவோ ஜீமா. போர் முடிந்ததும் தோக்கியோவுக்கு அருகே சோஃபூவில் அமெரிக்கப் படை 20 ஹெக்டேருக்கும் மேல் சரளைக்கல் பாத்தி போட்டது. ஜப்பானில் நல்ல மண் இருந்தது, ஆனால் விவசாயிகள் மனிதக் கழிவை எருவாகப் போட்டார்கள். பச்சையாகச் சாலட் தின்னும் சிப்பாய்களுக்கு அந்த மண் ஆகாது. ஆக, மண் இல்லாத இடத்திலும், உள்ளூர் மண்ணை நம்பாதவர்களுக்கும் விளைந்த கீரை இது. பின்னால் விமானமும் பணமும் இருந்தன.

இந்த வரைபடத்தில் இன்னொரு புள்ளி உண்டு. அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. பர்மா அரிசியை நம்பியிருந்த இரண்டு இடங்கள் ஒரே நேரத்தில் ஆட்டம் கண்டன. ஒன்று வங்காளம். 1943 பஞ்சத்தில் அங்கே இறந்தவர்களை இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம்வரை கணக்கிடுகிறார்கள். அரிசி வராதது மட்டும் காரணமில்லை. போர்க்கால விலையேற்றமும், படகுகளைப் பறித்த ஆங்கில அரசின் கொள்கையும், அதன் அலட்சியமும் சேர்ந்து கொன்றன. இன்னொரு இடம் மலாயா. பால்மரத்துக்காகவே திருத்தப்பட்ட நாடு, சாப்பிடும் அரிசியில் பெரும் பகுதியை வெளியிலிருந்து வாங்கியது. கப்பல் நின்றதும் தோட்டங்களில் மரவள்ளிக்கிழங்குதான் சோறு. ஆண்களைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப்போனார்கள்.

என் பாட்டி ஜப்பான்காரன் காலத்தில் பிறந்தவர். அந்தப் பசி அவருக்கு நினைவில்லை. அவருடைய அம்மா சொன்னதைச் சொல்வார். "எங்கம்மா கடைசி வரைக்கும் மரவள்ளிக் கெழங்க வீட்டுக்குள்ள விட்டதில்லடா. லயத்துக்குப் பின்னால எடம் கெடந்துச்சு, முருங்க, கத்திரி, பசலை எல்லாம் போட்டுச்சு. கெழங்கு மட்டும் போடாது." கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டம் அது. லயத்துக்குப் பின்னால் கிடந்த அந்த இடம் யாருடையது என்று ஒருநாள் கேட்டேன். "தொரையோடதுதான். வேற யாரோடது?" என்றார், கேள்வியே புரியாதவர்போல.

பஞ்சத்துக்குப் பிறகு, 1946இல், வங்காள அரசின் சோதனைப் பண்ணை ஒன்று டார்ஜிலிங் மலையில், கலிம்போங் பக்கம் தொடங்கியது. நடத்தியவர் ஷோல்டோ டக்ளஸ். அமெரிக்கப் படையின் முறை இங்கே செல்லாது என்று அவருக்கு உடனே தெரிந்தது. பம்ப் இல்லை, மின்சாரம் இல்லை, தொட்டி கட்டச் சிமெண்ட் வாங்கக் காசும் இல்லை. எனவே உடைகல்லும் மணலும் கலந்து எளிய பாத்தி, உப்புகளை உலர்ந்த தூளாகவே மேலே தூவிவிட்டுப் பூவாளியில் நீர். சாதாரண வீட்டுக்காரர் செய்ய வேண்டும் என்பதுதான் இலக்கு. 1951இல் 'வங்காள முறை' என்ற பெயரில் அவருடைய புத்தகம் வெளிவந்தது. பெர்க்லியில் கம்பிவலைத் தொட்டியாகத் தொடங்கியதை, பசித்த ஓர் ஊரின் அளவுக்குக் குறைத்து, வெட்டி, மலிவாக்கினார். வரலாறு எழுதுபவர்கள் கெரிக்கிக்குப் பத்துப் பக்கம் தந்துவிட்டு இவருக்கு ஒரு பத்தி தருகிறார்கள். வீட்டில் செய்பவர்களுக்கு இவர்தான் நெருங்கிய சொந்தம்.

1960களிலும் 70களிலும் முறைகள் பெருகின. இங்கிலாந்தின் லிட்டில்ஹாம்ப்டனில் ஆலன் கூப்பர், சரிந்த வாய்க்காலில் மெல்லிய படலமாகக் கரைசலை ஓடவிட்டார். இன்று நாம் பிவிசி குழாயில் துளை போட்டு மாட்டுவது அதன் பேரப்பிள்ளை. குழாய் முறை அழகாக இருக்கும், இன்ஸ்டாகிராமுக்கு நல்லது. ஆனால் கரண்ட் போனால், உச்சிவெயிலில், ஒன்றிரண்டு மணி நேரத்தில் செடி துவண்டுவிடும்.

நம் ஊர் வெக்கைக்கு வேறொரு பிரச்சினையும் இருக்கிறது. வேருக்கு நீர் மட்டும் போதாது, மூச்சும் வேண்டும். 20 பாகையில் ஒரு லிட்டர் நீரில் 9 மில்லிகிராமுக்குச் சற்று மேல் ஆக்சிஜன் கரையும். 30 பாகையில் ஏழரைதான். நம் மாடியில் மதியம் மூன்று மணிக்குத் தொட்டி நீர் 30ஐத் தாண்டும். ஆக்சிஜன் குறையும்போது வேரின் பசியோ கூடுகிறது, கூடவே வேரழுகல் நோயும் வருகிறது. குளிர்நாட்டுக் கையேட்டை அப்படியே இங்கே செய்தால் வேர் பழுப்பாகி நாறுவது இதனால்தான். பாதிப் பேர் இந்த இடத்தில் விட்டுவிடுகிறார்கள்.

இதற்குத் தீர்வும் வெக்கையான ஊர்களிலிருந்துதான் வந்தது. 1980களில் தைவானில் இருந்த ஆசியக் காய்கறி ஆராய்ச்சி மையத்தில் இமாய் ஹிடேயோ, பிறகு ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பெர்னார்ட் க்ராட்கி. நீரைச் சுழற்றவே வேண்டாம் என்றார்கள். மூடிய பெட்டியில் கரைசலை ஒருமுறை நிரப்பி, செடியின் அடி நுனி மட்டும் நனையும்படி மேலே வைத்துவிடு. செடி குடிக்கக் குடிக்க நீர் இறங்கும். நீருக்கும் மூடிக்கும் நடுவே ஈரமான காற்றறை உண்டாகும். அங்கே தொங்கும் மேல்வேர்கள் காற்றைக் குடிக்கும், கீழ்வேர்கள் நீரைக் குடிக்கும். பம்ப் வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நீர் குறைவதே காற்று தருகிறது. பொறியாளனாக இதைப் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். நாங்கள் ஒரு இயந்திரத்தில் சிக்கல் வந்தால் இன்னொரு இயந்திரத்தைச் சேர்ப்போம். இவர்கள் இருந்ததையும் எடுத்துவிட்டார்கள்.

ஆக, "எப்படி ஸ்டார்ட் பண்றது" என்பதற்கு என் பதில் இந்தப் பெட்டிதான். மீன்காரரிடம் கேட்டால் வெள்ளைப் பாலிஸ்டிரின் பெட்டி கிடைக்கும். வெயில் உள்ளே இறங்காது, நீர் சூடாகாது. கறுப்புப் பிளாஸ்டிக் உள்ளே விரித்துக் கரைசல் நிரப்புங்கள். மூடியில் துளை, துளையில் வலைக் கிண்ணம், கிண்ணத்தில் ஸ்பாஞ்சில் முளைக்கவைத்த பத்து, பன்னிரண்டு நாள் நாற்று. சாலட் கீரைக்கு ஒரு செடிக்கு நான்கு லிட்டர் கணக்கு வைத்தால் அறுவடைவரை தொடவேண்டாம். காங்கோங்கும் சாவியும் நம் வெயிலைத் தாங்கும், முதலில் அவற்றைப் போடுங்கள். பிஎச் ஐந்தரைக்கும் ஆறரைக்கும் நடுவே இருக்கட்டும். தினமும் ஐந்தாறு மணி நேரம் நேர்வெயில் வேண்டும், அது இல்லாத வீட்டில் எந்த முறையும் உதவாது. பெட்டியில் இடுக்கு, ஓட்டை எதையும் விடாதீர்கள். தேங்கிய நீரில் ஏடிஸ் முட்டை போடும். கொசுப்புழு கண்டால் அபராதம் போட 1975ஆம் ஆண்டுச் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. அதைவிட, டெங்கி வந்து படுப்பது உங்கள் வீட்டுக் குழந்தையாக இருக்கலாம்.

எங்கள் தோட்டம் 90களில் கைமாறியது. செம்பனை ஆகி, பிறகு வீடமைப்பு ஆனது. பாட்டிக்குக் கிடைத்தது நான்காவது மாடி பிளாட். தோட்டத்திலிருந்து வெளியேறிய எத்தனையோ குடும்பங்களின் கதை இதுதான், எங்களுடையது அதில் மோசமானதும் இல்லை. நடைபாதையில் பூச்சட்டி வைக்கக்கூடாது என்று பிளாட் நிர்வாகம் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. துணி காயப்போடும் பின்பக்கத்து ஆறடி இடத்தில்தான் என் பெட்டிகள். முதல் சாவிக் கீரையைப் பிடுங்கி, வேரோடு பாட்டியிடம் காட்டினேன். மண் ஒட்டாத அந்த வெள்ளை வேரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஆஸ்பத்திரியில பொறந்த புள்ள மாதிரி இருக்கு."

"நல்லா இல்லயா பாட்டி?"

"நல்லாத்தான் இருக்கு. கழுவ வேல இல்ல."

சமைத்தார், சாப்பிட்டார், ருசியில் குறை சொல்லவில்லை. ஆனால் மறுநாள் கீழே இறங்கி, கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் வேலியோரம் ஒரு முருங்கைக் கிளையை ஊன்றிவிட்டு வந்தார். அந்த இடம் யாருடையது என்று இந்த முறை நான் கேட்கவில்லை. என் பெட்டியில் முருங்கை வளராது. கறிவேப்பிலையையும் ஒரு பெட்டியில் பல வருடம் வைத்திருக்க முடியாது. நாற்பது நாளில் முடிந்துபோகும் இலைகளுக்குத்தான் இது ஏற்றது. அடுத்த மாதம் வேறு வீட்டுக்குப் போகச் சொன்னாலும் தூக்கிக்கொண்டு போய்விடலாம். வாடகைக்கு இருப்பவனுக்கு அது வசதிதான். பாட்டிக்கு அது வசதியாகத் தெரியவில்லை.

மண் இல்லாதவர்களை அரசுகளும் அவ்வப்போது நினைத்துக்கொள்ளும். 1974இல் துன் ரசாக் அரசு 'புக்கு ஹிஜாவ்' என்ற பச்சைப் புத்தக இயக்கத்தைத் தொடங்கி, வீட்டைச் சுற்றிக் காய்கறி போடச் சொன்னது. விலைவாசி ஏறிய காலம். வீட்டைச் சுற்றி நிலம் இருப்பவர்களுக்கான திட்டம் அது. 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது, கேமரன் மலையில் விவசாயிகள் லாரி லாரியாகக் கீரையைக் கொட்டினார்கள், நகரத்தில் நாம் கீரைக்கு வரிசையில் நின்றோம். அந்த வாரங்களில்தான் இங்கே வீட்டு ஹைட்ரோபோனிக்ஸ் பரவியது. அதே வருடம் சிங்கப்பூரில் தேசியப் பூங்காக் கழகம் வீடுகளுக்கு விதைப் பொட்டலம் அனுப்பியது. 2030க்குள் தன் சத்துத் தேவையில் 30 விழுக்காட்டை உள்ளூரிலேயே விளைவிப்பது என்று முந்தைய வருடம் அந்த நாடு அறிவித்திருந்தது. பின்னர் அந்த இலக்கைக் கைவிட்டு வேறு இலக்குகள் வைத்துக்கொண்டது. உள்ளரங்குப் பண்ணைகள் பலவும் கரண்ட் பில்லைத் தாங்கவில்லை. அமெரிக்காவில் இத்துறையின் முன்னோடியான ஏரோஃபார்ம்ஸ் 2023இல் திவால் பாதுகாப்புக் கேட்டது. ஓசியில் கிடைக்கும் வெயிலை விளக்கால் ஈடுசெய்யப் போனால் பில் அப்படித்தான் வரும்.

ஏபி உரம் வாங்கும் கடை எங்கள் பாசாருக்குப் பின்னால் இருக்கிறது. லேபிளில் கம்பெனி பெயர், தக்காளிப் படம், லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற அளவு மட்டும்தான். உள்ளே என்ன, எவ்வளவு என்று இல்லை. ஒருமுறை கடைக்காரரிடம் கேட்டேன்.

"இதுல நைட்ரஜன் எவ்ளோண்ணே? இரும்பு எந்த வகை?"

"அதெல்லாம் அவங்க ரகசியம் தம்பி. சொல்ல மாட்டாங்க."

கெரிக்கி உயிரோடு இருந்தால் அந்தப் புட்டியைக் கட்டியணைத்திருப்பார். நான் இரண்டு செட் வாங்கிக்கொண்டேன், பழக்கதோஷம். சுற்றறிக்கை 347ஐ ஹோக்லண்ட் இறந்த மறுவருடம், 1950இல், ஆர்னன் திருத்தி மீண்டும் வெளியிட்டார். இணையத்தில் தேடினால் அந்தப் பிரதி கிடைக்கும், காசு கேட்க மாட்டார்கள். உப்புகளை நிறுக்க 0.01 கிராம் காட்டும் தராசு ஒன்று வேண்டும். நகைக்கடைக்காரர்கள் வைத்திருப்பது போன்றது. வாங்கிவிட்டேன். இந்த வாரம் ஒரு பெட்டியில் புட்டி உரம், பக்கத்துப் பெட்டியில் ஹோக்லண்ட் கணக்கில் பாதி அடர்த்தி. இரண்டிலும் ஒரே நாளில் முளைத்த காங்கோங், ஆறாறு நாற்று.